மும்பையில் பெரிய பெயரா, சென்னையில் நடுத்தர நிறுவனமா? ஆலோசனைப் பணியைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு தயக்கம்

பெரம்பூர்வாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 30. கிண்டி பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் படித்துவிட்டு, அம்பத்தூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் உற்பத்திப் பிரிவில் ஐந்து ஆண்டுகள் பணியாற்றினேன். பிறகு வேலையை விட்டு இரண்டாண்டு மேலாண்மைப் படிப்பை முடித்திருக்கிறேன். இப்போது என் கையில் இரண்டு ஆஃபர் லெட்டர்கள் இருக்கின்றன. இன்னும் பத்து நாட்களுக்குள் ஒன்றில் கையெழுத்திட வேண்டும்.

முதலாவது, எந்தத் தொழிலில் இறங்குவது, எப்படி வளர்வது என்று நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் வியூக ஆலோசனைத் துறையில் உலகின் முதல் மூன்று என்று சொல்லப்படும் நிறுவனங்களில் ஒன்று. பணியிடம் மும்பை, ஆண்டுச் சம்பளம் 34 லட்சம், அதில் 5 லட்சம் வேரியபிள், அதாவது செயல்பாட்டைப் பொறுத்துக் கூடவோ குறையவோ செய்யும் பகுதி. இரண்டாவது, கிண்டியில் அலுவலகம் வைத்திருக்கும் நடுத்தர ஆலோசனை நிறுவனம். தொழிற்சாலைகளின் உற்பத்தித் திறனை மேம்படுத்துவதுதான் அவர்களுடைய முதன்மையான வேலை. அங்கே 24 லட்சம், வேரியபிள் மிகக் குறைவு.

குடும்பச் சூழலையும் சொல்லிவிடுகிறேன். என் மனைவி அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியையாக இருக்கிறார். மாநில அரசுப் பணி என்பதால் மும்பைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வருவது என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டு வயதில் மகள் இருக்கிறாள், பகலில் அவளை என் அம்மாதான் பார்த்துக்கொள்கிறார். அப்பா ஐ.சி.எஃப். எனும் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பணிபுரிந்து ஓய்வுபெற்றவர். சென்ற ஆண்டு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

பெயரின் பெருமையைப் பற்றியும் எனக்கு ஒரு தெளிவு தேவைப்படுகிறது. வகுப்புத் தோழர்களிடம் மும்பை நிறுவனத்தின் பெயரைச் சொன்னபோது ஒரு நொடி எல்லோரும் அமைதியானார்கள். அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அதே பெயரை வீட்டில் சொன்னபோது, கன்சல்டன்சி என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்ட என் பெரியம்மா, “வேலை வாங்கித் தருகிற இடத்திலேயே உனக்கு வேலையா?” என்று கேட்டார்.

பெரிய நிறுவனத்தின் பெயர் பின்னாளில் உண்மையாகவே எவ்வளவு உதவும்? சொந்த ஊரிலேயே இருப்பதற்காக அதை விட்டுக்கொடுத்தவர்கள் வருந்துகிறார்களா? இந்தத் துறையில் இருந்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பயணப்பெட்டி எழுதியது:

வணக்கம் நண்பரே. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு ஏறக்குறைய இதே நிலையில் நானும் இருந்தேன். பெரிய பெயரைத் தேர்ந்தெடுத்து மும்பைக்குப் போனேன். நான்கு ஆண்டுகள் அங்கே இருந்துவிட்டு, இப்போது சென்னையில் ஒரு நிதி நிறுவனத்தில் வியூகப் பிரிவில் இருக்கிறேன். எனவே நான் சொல்வதில் என் முடிவை நியாயப்படுத்தும் ஆசையும் கொஞ்சம் கலந்திருக்கக்கூடும், அதைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

ஆஃபர் லெட்டரில் அச்சிட்டிருக்கும் ஊருக்கும் நீங்கள் இரவு படுக்கப்போகும் ஊருக்கும் பல மாதங்களில் தொடர்பே இருக்காது. ஆலோசனைத் தொழிலில் திங்கள் முதல் வியாழன் வரை கிளையன்ட் இருக்கும் இடத்தில் இருப்பதுதான் நெடுநாளைய வழக்கம். கொரோனாவுக்குப் பிறகு சில பணிகளில் இது தளர்ந்திருந்தாலும், தொழிற்சாலை சார்ந்த பணிகளில் அப்படியேதான் இருக்கிறது. நான் அந்தேரி கிழக்கில் ஒரு படுக்கையறை வீட்டைப் பதினோரு மாத ஒப்பந்தத்தில் எடுத்திருந்தேன். குடிபுகுந்த அன்று வாங்கிய சமையல் எரிவாயு உருளை, ஒப்பந்தம் முடிந்து வீட்டைக் காலி செய்த நாள்வரை தீரவே இல்லை. திங்கட்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, முதல் விமானத்தைப் பிடித்து, கிளையன்ட் ஊரில் இறங்கி, வியாழன் இரவு பதினொரு மணிக்குத் திரும்புவேன். வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் முகம் காட்டிவிட்டு, மாதத்தில் இரண்டு வாரம் அன்று மாலையே சென்னைக்கு விமானம் ஏறுவேன். இப்படி வாழ்கிறவனுக்கு மும்பை எதற்கு, சென்னையிலிருந்தே திங்கட்கிழமை கிளம்பலாமே என்பது எனக்கு இரண்டாம் ஆண்டில்தான் உறைத்தது.

ஆகவே அந்த நிறுவனத்திடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, உங்கள் ஹோம் ஆபீஸ், அதாவது நீங்கள் சேர்ந்திருக்கும் அலுவலகம், சென்னையாக இருக்க முடியுமா என்பதைத்தான். முதல் மூன்று என்று நீங்கள் சொன்னது மெக்கின்சி, பிசிஜி (பாஸ்டன் கன்சல்டிங் குரூப்), பெயின் ஆகியவற்றை. இவற்றில் மெக்கின்சி, பிசிஜி ஆகிய இரண்டுக்குமே சென்னையில் அலுவலகம் உண்டு. உங்களுடையது அவற்றில் ஒன்றானால் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவது பெரிய பிழை. கேட்பதனால் யாரும் ஆஃபரைத் திரும்பப் பெற மாட்டார்கள். உங்கள் மனைவியின் அரசுப் பணியைக் காரணமாகச் சொன்னால், மனிதவளப் பிரிவினர் அதைத் தயக்கமாக எண்ணாமல் சூழ்நிலையாகவே எடுத்துக்கொள்வார்கள்.

இனி பெயரைப் பற்றி. அது உதவுகிறது. நான் சென்னைக்குத் திரும்பியபோது, இப்போதைய நிறுவனத்தின் தலைவர் என்னிடம் பேசிய முக்கால் மணி நேரத்தில், எனக்கு வேலை தெரியுமா என்பதைச் சோதிக்கும் கேள்வி ஒன்றுகூட இல்லை. அந்தச் சோதனையை முந்தைய நிறுவனம் நடத்திவிட்டது என்று அவர் எடுத்துக்கொண்டார். மெக்கின்சி 1926இலும் பிசிஜி 1963இலும் பெயின் 1973இலும் தொடங்கப்பட்டவை. அத்தனை ஆண்டுகளாக அங்கிருந்து வெளியேறியவர்கள் பல நிறுவனங்களில் முடிவெடுக்கும் நாற்காலிகளில் இருக்கிறார்கள் என்பதுதான் அந்தப் பெயரின் உண்மையான சொத்து. சென்னைக்காரர்களிலேயே இந்திரா நூயி பிசிஜியிலும் சுந்தர் பிச்சை மெக்கின்சியிலும் இருந்தவர்கள்தான். ஆனால் இவ்விருவரையும் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள், அதே வாசல் வழியாக வெளியே வந்த பல்லாயிரம் பேரின் பெயரை யாரும் எடுப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

மயிலைக் கணக்கர் எழுதியது:

மற்ற விஷயங்களை மற்றவர்கள் பேசட்டும், நான் பணத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 34க்கும் 24க்கும் இடையே பத்து லட்சம் வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டாம்.

2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறையில், வரிக்குரிய வருமானம் 24 லட்சத்தைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு 30 விழுக்காடு வரி, அந்த வரியின்மேல் 4 விழுக்காடு செஸ். நிலைக்கழிவான 75,000 ரூபாயையும் கணக்கில் கொண்டால், அந்தக் கூடுதல் பத்து லட்சத்தில் உங்கள் கைக்கு வருவது சுமார் 6.9 லட்சம்தான். அதிலும் வேரியபிள் முழுவதும் வந்தால்தான் இந்தக் கணக்கு. வேரியபிளில் பாதி மட்டுமே வரும் ஆண்டில் இது 5.2 லட்சத்துக்கு இறங்கிவிடும். மும்பை வாடகையை மாதம் 50,000 என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 6 லட்சம். வாடகைப்படிக்கு விலக்கு கிடைக்குமே என்பீர்கள், அது பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும்தான். தரகரின் ஒரு மாத வாடகை, முன்பணத்தில் முடங்கும் தொகை, மாதம் இருமுறை சென்னைக்கு வந்து போகும் விமானக் கட்டணம் ஆகியவற்றையும் சேர்த்தால், நல்ல ஆண்டில்கூட மும்பை வேலை உங்களுக்குச் சென்னை வேலையைவிடச் சற்றுக் குறைவாகவே மிச்சம் வைக்கும். பெரம்பூரில் சொந்த வீடு இருக்கிறது என்று நானாக ஊகித்துக்கொண்டேன். வாடகை வீடானால் இரண்டு வீட்டுச் செலவு என்று இன்னும் மோசமாகும்.

சம்பள உயர்வு பெரிய நிறுவனத்தில் வேகமாக இருக்கும் என்பது உண்மைதான், மூன்றாம் ஆண்டில் இந்தக் கணக்கு மாறலாம். ஆனால் முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் பணத்தைக் காரணமாக வைத்து மும்பைக்குப் போகாதீர்கள். வேறு காரணம் இருந்தால் போங்கள். ஜாயினிங் போனஸ் ஏதேனும் கொடுத்திருந்தால், எத்தனை மாதத்துக்குள் விலகினால் அதைத் திருப்பித்தர வேண்டும் என்ற பத்தியைக் கையெழுத்துக்கு முன்பு ஒருமுறைக்கு இருமுறை படித்துவிடுங்கள்.

ஒரகடம் சாலை எழுதியது:

கிண்டி நிறுவனத்தின் பக்கத்திலிருந்து பேச ஒருவர் வேண்டும் என்பதால் எழுதுகிறேன். நான் பதினொரு ஆண்டுகளாக உற்பத்தி சார்ந்த ஆலோசனைப் பணியில் இருக்கும் பெண். என்னுடையதும் சென்னையில் இருக்கும் நடுத்தர நிறுவனம்தான், உங்களுக்கு ஆஃபர் கொடுத்தது அதுவாக இருக்காது என்று நம்புகிறேன்.

பெயரின் மதிப்பு எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. சென்ற ஆண்டு திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் உலோகத் தகடுகளை அழுத்தி உருக்கொடுக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் மூன்று நாட்கள் கையில் ஸ்டாப்வாட்ச்சுடன் நின்றேன். அழுத்தும் இயந்திரத்தில் ஒரு வார்ப்பு அச்சைக் கழற்றி வேறொன்றை மாட்டுவதற்கு 95 நிமிடம் ஆகிக்கொண்டிருந்தது. அதில் 20 நிமிடத்துக்கு மேல், ஒரே ஒரு ஸ்பேனரைத் தேடி ஆட்கள் அங்குமிங்கும் நடந்த நேரம். அந்த ஸ்பேனரை இயந்திரத்தின் பக்கத்திலேயே ஒரு பலகையில் படம் வரைந்து மாட்டவைத்தோம். போல்ட்டுகளை ஒரே அளவுக்குக் கொண்டுவந்தோம். அடுத்த அச்சை முன்கூட்டியே தள்ளுவண்டியில் தயாராக நிறுத்தினோம். இரண்டே வாரத்தில் 95 நிமிடம் 40 ஆனது. அந்த முதலாளி என்னிடம் எந்தக் கல்லூரி என்றோ எந்த நிறுவனத்தில் முன்பு இருந்தீர்கள் என்றோ கேட்டதில்லை. அடுத்த பணிக்கும் என்னையே அனுப்பும்படி கேட்டார், அவ்வளவுதான். அம்பத்தூரில் ஐந்து ஆண்டுகள் உற்பத்திப் பிரிவில் இருந்த உங்களுக்கு இந்த வேலையில் ஏற்கெனவே ஒரு பிடிமானம் உண்டு. மும்பையில் வங்கிக்கும் காப்பீட்டுக்கும் ஸ்லைடு தயாரிக்கும் அணியில் உங்களைப் போட்டால், அந்த ஐந்து ஆண்டுகள் விண்ணப்பத்தில் ஒரு வரியாகச் சுருங்கிவிடும்.

ஆனால் சென்னை வேலை என்பதற்குச் சென்னையில் வேலை என்று பொருள் கொண்டுவிடாதீர்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் என்று நம்மைச் சுற்றி ஆலைகள் நிறைந்திருந்தாலும், புனேக்கு அருகிலுள்ள சாக்கனுக்கும் குஜராத்தின் சாணந்துக்கும் நான் போய்த் தங்கிய மாதங்கள் ஏராளம். கடந்த பன்னிரண்டு மாதங்களில் செய்த பணிகளின் பட்டியலையும் ஒவ்வொன்றும் எந்த ஊரில் நடந்தது என்பதையும் கேட்டு வாங்குங்கள். சொல்லத் தயங்கினால் அதுவே ஒரு விடை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. ஒரே துறையை நம்பியிருக்கும் நிறுவனத்தில் அந்தத் துறையின் காய்ச்சல் உங்களுக்கும் வரும். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது, மறைமலைநகர் ஆலையை நம்பியிருந்த உதிரிபாகக்காரர்கள் முதலில் வெட்டிய செலவு எங்களுடைய கட்டணம்தான். அன்று என் அணியில் இருந்த இருவர் நான்கு மாதம் பணியின்றி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய நிறுவனமாக இருந்தால் அவர்களை மருந்து நிறுவனத்துக்கோ சில்லறை வணிகத்துக்கோ மாற்றியிருப்பார்கள். கிண்டியில் உங்களைச் சந்திக்கும் பார்ட்னரிடம் (நிறுவனத்தின் பங்குதாரரான மூத்தவரிடம்) மொத்தக் கட்டண வருவாயில் வாகனத் துறையின் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

ஓய்வூதியர் எழுதியது:

தம்பி, நான் ஆலோசனைத் தொழில் அறியாதவன். ரயில்வேயில் 36 ஆண்டுகள் இருந்துவிட்டு ஓய்வுபெற்றவன், உங்கள் தந்தையின் வயது இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

பெற்றோரைப் பற்றிச் சொன்னீர்கள், அவர்களிடம் கேட்டீர்களா என்று சொல்லவில்லை. என் மகனுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு தில்லியில் நல்ல வேலை ஒன்று வந்தது. அவனுடைய அம்மாவுக்கு அப்போது முழங்கால் அறுவைச் சிகிச்சை. எங்களுக்காக வேண்டாம் என்று சொல்லிவிட்டான், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றுவரை பொங்கலுக்கோ தீபாவளிக்கோ எல்லோரும் கூடியிருக்கும்போது, அலுவலகத்தில் ஏதாவது கசப்பு இருந்தால், அந்தத் தில்லி வேலை பேச்சில் வந்துவிடும். அவன் எங்களைக் குறை சொல்வதில்லை. ஆனாலும் அந்தச் சமயத்தில் அவனுடைய அம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்விடுகிறாள்.

பெரம்பூர் ரயில்வே மருத்துவமனைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழைத்துச் செல்வதற்கு முன்கூட்டியே நாள் குறித்துக்கொண்டு விமானத்தில் வரலாம். இரண்டு வயதுக் குழந்தைக்கும் அதைப் பள்ளி முடிந்து வந்து தனியாகச் சமாளிக்கும் அம்மாவுக்கும் அப்படி நாள் குறிக்க முடியாது. மருமகளிடம் முதலில் பேசுங்கள், உங்களைவிட அவர்தான் அதிகம் சுமக்கப்போகிறார். அவர் சரியென்றால் அது என்ன சரி என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், நம் வீட்டுப் பெண்கள் சொல்லும் “உங்கள் இஷ்டம்” என்பது சம்மதம் அல்ல.

பெரம்பூர்வாசி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இந்த நான்கு நாட்களில் நடந்ததைச் சொல்கிறேன்.

மும்பை நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் பேசினேன். சென்னை அலுவலகத்தில் தற்போது இடமில்லை, பதினெட்டு மாதங்களுக்குப் பிறகு மாற்றம் கோரலாம், பெரும்பாலும் கிடைக்கும் என்றார்கள். அதை எழுத்தில் தர இயலுமா என்று கேட்டதற்கு, பார்ட்னரிடம் பேசிவிட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்கள். எந்தத் துறையின் பணிகளில் சேர்ப்பீர்கள் என்ற கேள்விக்கு, முதல் இரண்டு ஆண்டுகள் எல்லாவற்றிலும் என்பதே பதில்.

கிண்டி நிறுவனத்தின் பார்ட்னர் நேரில் வரச்சொன்னார். பெரம்பூரில் புறநகர் ரயில் ஏறி, சென்ட்ரலில் மெட்ரோவுக்கு மாறி கிண்டியில் இறங்கினேன். வீட்டு வாசலிலிருந்து அவர்கள் அலுவலக வாசல் வரை ஒரு மணி பத்து நிமிடம். கடந்த ஓராண்டில் முடித்த ஒன்பது பணிகளின் பட்டியலைத் தயங்காமல் காட்டினார். ஐந்து தமிழ்நாட்டுக்குள், அதில் மூன்று நான் அன்றாடம் வீடு திரும்பக்கூடிய தொலைவில். வாகனத் துறையின் பங்கு பாதிக்கும் மேல் என்பதை அவரே ஒப்புக்கொண்டார், மின்னணுப் பொருள் உற்பத்திக்கு இப்போதுதான் தனி அணி அமைப்பதாகவும் சொன்னார்.

மயிலைக் கணக்கர் ஐயாவுக்கு: வீடு சொந்த வீடுதான், அப்பாவின் பெயரில் இருக்கிறது.

ஓய்வூதியர் ஐயாவுக்கு: மனைவியிடம் பேசினேன். “உங்கள் இஷ்டம்” என்றுதான் முதலில் சொன்னார். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பதினெட்டு மாதம் என்று எழுதிக் கொடுத்தால் சமாளிக்கலாம், “பெரும்பாலும்” என்ற சொல்லை நம்பி இருக்க முடியாது என்றார். அப்பா, தன்னைக் காரணமாகச் சொன்னால் மருத்துவமனைக்கு இனித் தனியாகவே போய்க்கொள்வதாகக் கோபித்துக்கொண்டார்.

எனவே வெள்ளிக்கிழமை வரை மும்பையின் பதிலுக்காகக் காத்திருக்கிறேன். எழுத்தில் வந்தால் மீண்டும் உட்கார்ந்து பேசுவோம், வராவிட்டால் அன்று மாலையே கிண்டி ஆஃபரில் கையெழுத்திடுவதாக இருக்கிறேன்.

பயணப்பெட்டி எழுதியது:

நல்ல ஏற்பாடு. எழுத்தில் வந்தால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஹோம் ஆபீஸ் மாற்றப்படும் என்று மட்டும் எழுதியிருந்தால் அது போதாது. அதன்பிறகு உங்களைப் பணிகளில் அமர்த்தும் பொறுப்பு சென்னை அலுவலகத்திடம் இருக்குமா, மும்பையிடமே இருக்குமா என்பதையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். என்னுடன் இருந்த ஒருவருக்கு மேசை சென்னைக்கு வந்தது, அவரை எங்கே அனுப்புவது என்பதை முடிவு செய்கிறவர் மும்பையிலேயே இருந்தார். ஆறு மாதம் அவர் அந்த மேசையைப் பார்க்கவே இல்லை.